பனிக்கடல் நாயும் சித்திரை வெயிலும்

சித்திரை மாதம், நண்பகல் நேரம். புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் செருப்பில்லாமல் பத்து அடி நடந்து பாருங்கள். மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் அதே மணல், இப்போது அடுப்புத் தணல் போல் சுடும். படகின் நிழலைத் தேடி ஓடுவீர்கள்.

அந்த வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்க உங்களால் முடியுமா? அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டு!

முடியாது. ஆனால் வாயில்லாத பிராணி ஒன்றை நாம் அப்படி நிற்க வைக்கிறோம். பனி நாட்டு நாய்களைத்தான் சொல்கிறோம்.

செயின்ட் பெர்னார்டு, ஹஸ்கி போன்ற நாய்களை நம் நகரங்களில் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். குட்டியாக இருக்கும்போது பஞ்சுப் பொதி போல் இருக்கும். குழந்தை கேட்கிறது, அப்பா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அது வளர்ந்த பிறகுதான் சங்கடம் தெரிகிறது.

மீனவரின் தோழன்

இப்படிப்பட்ட நாய்களில் ஒன்று, நம் குப்பத்து மக்களுக்கு உறவுக்காரன் போன்றது. அதன் பெயர் நியூபவுண்ட்லாந்து நாய். கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்ட்லாந்து தீவுதான் அதன் சொந்த ஊர். அங்கே கடலில் பனிப்பாறைகள் மிதந்து வரும்.

அந்தத் தீவின் மீனவர்களுக்கு அது வேலைக்காரன், தோழனும்கூட. வலை இழுத்தது. வண்டி இழுத்தது. தண்ணீரில் விழுந்தவரைக் கவ்விக் கரை சேர்த்தது. வாத்துக்கு இருப்பதுபோல் அதன் கால் விரல்களுக்கு இடையே தோல் உண்டு. ஆண் நாய் 60 கிலோவுக்கு மேல் இருக்கும்.

இன்னொரு செய்தி கேளுங்கள். அந்தத் தீவுக்கு அருகே செயின்ட் பியர், மிக்கேலோன் என்ற சின்னத் தீவுகள் இருக்கின்றன. 1954-இல் புதுச்சேரியில் இறங்கிய பிரெஞ்சுக் கொடி அங்கே இன்றும் பறக்கிறது. கொடி ஒன்றாக இருந்தது. குளிர் ஒன்றாக இல்லையே!

ஏன் தாங்காது?

அந்த நாய்க்கு இரண்டு அடுக்கு ரோமம். மேல் ரோமம் தண்ணீரை உள்ளே விடாது. உள் ரோமம் உடம்புச் சூட்டை வெளியே விடாது. பனிக்கடலில் அது கவசம். நம் ஊரில் அதுவே பாரம்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். நாக்கின் ஈரம் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம். மழைக்காலத்தில் கொடியில் துணி காயாதது போல், நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு தணிவதில்லை.

நாயின் உடம்புச் சூடு பொதுவாக 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். 105 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"மொட்டை அடித்துவிட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். கூடாது. வெயில் நேரே தோலைச் சுடும். ரோமம் மறுபடி சரியாக வளராமலும் போகலாம். அதற்குப் பதில் தினமும் சீப்பால் வாரி, உதிர்ந்த உள் ரோமத்தை எடுங்கள். காற்று உள்ளே போகும்.

மொட்டை மாடியிலும் தகரக் கொட்டகையிலும் கட்டாதீர்கள். நிழல், காற்றாடி, நாள் முழுவதும் குளிர்ந்த தண்ணீர், இம்மூன்றும் வேண்டும். பொழுது விடியுமுன் அல்லது இருட்டிய பிறகு நடத்திச் செல்லுங்கள். முதலில் உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சுட்டால் அதன் காலுக்கும் சுடும்.

கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவி, அடிரோமம் வரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் புண் வரும். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

நாய் விடாமல் இரைக்கிறதா? எச்சில் கெட்டியாக ஒழுகுகிறதா? தள்ளாடுகிறதா? உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். பிறகு தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

நம் மண்ணின் நாய்

2024-இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களின் பட்டியல் அதில் இருந்தது. செயின்ட் பெர்னார்டும் ஹஸ்கியும் அதில் உண்டு.

2005-இல் இந்தியத் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றில் ஒன்று, அடர்ந்த ரோமமுள்ள இமயமலை ஆட்டு நாய். இன்னொன்று, ரோமம் குட்டையான நம் இராஜபாளையம் நாய். மலைக்கு அது, சமவெளிக்கு இது. வைத்திக்குப்பத்துப் படகு நிழலில் படுத்திருக்கும் தெரு நாய்க்கும் இந்த வெயில் பழக்கம்தான். ஒரு பிடி சோறு போட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டால், அதுவும் வீட்டைக் காக்கும்.

ஆகவே, பெருமைக்காகப் பனி நாட்டு நாயை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், செலவு தாளவில்லை என்று தெருவில் விட்டுவிடாதீர்கள். அது நம் ஊருக்கு வர ஆசைப்பட்டு வரவில்லை. நாம்தான் கொண்டு வந்தோம். கடைசிவரை காப்பாற்றுவது நம் கடமை.