இழை அறுந்தா யார் முடிச்சுப் போடுறது?

வேற ரூட்! இந்த வாரம்: கடலுக்குள் தனியா போற ரோபோவுக்கு புரோகிராம் எழுதுற வேலை

ஏனாத்தூரோ, பொன்னேரிக்கரையோ, பச்சையப்பன் காலேஜோ... காஞ்சிபுரத்துல எந்த கேம்பஸ்ல இருந்தாலும் சரி, "சாஃப்ட்வேர் லைன் போகப்போறேன்"னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? "ஓ.எம்.ஆரா, பெங்களூரா?" மூணாவதா ஒரு ரூட் இருக்கு பாஸ். அது நேரா கடலுக்குள்ள இறங்குது. எவ்வளவு ஆழம்? அஞ்சு கிலோமீட்டர்!

தண்ணிக்குள்ள போனவர் சொன்ன காலத்துல வெளியே வர்றது நம்ம ஊருக்குத் தெரியாத விஷயமா? அனந்தசரஸ் குளத்துல இருக்கிற அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார். 1979-ல வந்தார், 2019-ல 48 நாள் தரிசனம் கொடுத்தார், இனி 2059. அது சாமி கதை. நான் சொல்லப்போறது ஓர் ஆசாமி கதை. இவரும் தண்ணிக்குள்ள போவார். ஆனா சொன்ன நேரத்துக்கு மேலே வருவாரா? அதை நினைச்சு கப்பல்ல ஒரு கூட்டமே நகம் கடிச்சுக்கிட்டு நிக்கும்.

ஆசாமியோட பேர் ஏ.யு.வி. ஆளும் இல்லாம, கப்பலோட இணைக்கிற கேபிளும் இல்லாம, தானா ஓடுற நீர்மூழ்கி ஆராய்ச்சி வாகனம். கேபிள் கட்டி மேலேர்ந்து ஓட்டுற வண்டிக்கு ஆர்.ஓ.வி.னு பேர். அதுல தப்பு நடந்தா கப்பல்ல ஜாய்ஸ்டிக் பிடிச்சிருக்கிறவர் சமாளிச்சுப்பார். ஏ.யு.வி.க்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

ஏன், ரேடியோவுல கூப்பிட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். கடல் தண்ணி ரேடியோ அலையை முழுங்கிடும். அதனால ஜி.பி.எஸ். அவுட், வை-ஃபை அவுட், செல்போன் சிக்னல் பத்திப் பேச்சே கிடையாது. மிச்சம் இருக்கிற ஒரே வழி ஒலி. தண்ணியில ஒலியோட வேகம் செகண்டுக்குச் சுமார் 1500 மீட்டர். அஞ்சு கிலோமீட்டர் கீழ இருக்கிற வண்டிகிட்ட "நல்லாருக்கியா?"ன்னு கேட்டா, "ம்"னு பதில் வர ஏழு செகண்ட் ஆகும். அந்த ஒலி மோடம் அனுப்புற டேட்டாவைப் பார்த்தீங்கன்னா, அந்தக் காலத்து டயல்-அப் இன்டர்நெட்டே ராக்கெட் மாதிரி தெரியும்.

தான் எங்கே இருக்கோம்னுகூட அதுவேதான் கணக்குப் போடணும். தரையை நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வெச்சு வேகத்தைக் கண்டுபிடிக்கும். எந்தப் பக்கம் திரும்பினோம்னு இன்னொரு கருவி சொல்லும். ரெண்டையும் கூட்டிக் கூட்டி, "நான் இங்கே இருக்கேன்"னு ஒரு முடிவுக்கு வரும். கணக்குல அரை சதவீதம் பிசகினா, பத்து கிலோமீட்டர் போறதுக்குள்ள அம்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பாறை ஏரியால அம்பது மீட்டர்ங்கிறது வாழ்வா சாவா பிரச்னை!

அட்டை ஓடுது... ஆள் எங்கே?

இதுல சாஃப்ட்வேர் ஆளுக்கு என்ன வேலை? நம்ம ஊர்த் தறியை வெச்சே சொல்றேன்.

பட்டுத்தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி பார்த்திருப்பீங்க. ஓட்டை போட்ட அட்டைங்க வரிசையா சுத்தி வரும். ஓட்டை இருக்கிற இடத்துல பாவு இழை மேலே தூக்கும், இல்லாத இடத்துல சும்மா கிடக்கும். ஒண்ணு, பூஜ்ஜியம்! 1804 வாக்குல பிரான்ஸ்ல ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த ஐடியா இது. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்கு இயந்திரத்துக்கு யோசிச்சதும் இதே அட்டையைத்தான். மயிலும் யாளியும் அந்த அட்டையில புரோகிராமா உட்கார்ந்திருக்கு.

ஆனா, அட்டை மட்டும் புடவை நெய்யறது இல்லை. இழை அறுந்தா நெசவாளர் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுறார். ஜரிகை முறுக்கிக்கிட்டா நீவி விடுறார். கோர்வை சரியா சேரலைன்னா கண்ணு உடனே கண்டுபிடிக்கும். இதெல்லாம் எந்த அட்டையிலயும் கிடையாது.

இப்போ கற்பனை பண்ணுங்க. தறி ஓடுது, அட்டை சுத்துது, நெசவாளர் மட்டும் இல்லை. அதுதான் ஏ.யு.வி. அட்டையை எழுதுறது இந்த வேலையில சின்னப் பங்குதான். "இந்தப் பக்கம் போ, திரும்பு, போட்டோ எடு"ன்னு எழுதிடலாம். நெசவாளரோட கண்ணையும் நிதானத்தையும் கோடா எழுதுறதுதான் நிஜமான வேலை.

பேட்டரி நினைச்சதைவிடச் சீக்கிரம் தீருது. என்ன பண்ணணும்? உள்ளே ஒரு சொட்டு தண்ணி கசியுது. என்ன பண்ணணும்? ரெண்டு சென்சார் ரெண்டு ஆழம் சொல்லுது. யாரை நம்பணும்? புரோகிராமே ஹேங் ஆயிடுச்சுன்னா? அதைக் கண்காணிக்க 'வாட்ச்டாக்'னு இன்னொரு காவல்காரன் வேணும். பல வண்டிகள்ல கடைசி நம்பிக்கை ஒரு எடைக்கட்டி. நிலைமை கைமீறினா அதைக் கழட்டி விட்டா, வண்டி தக்கை மாதிரி மேலே மிதந்து வந்து சாட்டிலைட்ல "நான் இங்கே இருக்கேன்"னு சொல்லும்.

எப்பவும் "பிரச்னையா, மேலே வா"ன்னு எழுதிட்டா போதுமேன்னு தோணுதா? 2005 பிப்ரவரியில பிரிட்டனோட 'ஆட்டோசப்-2' அன்டார்டிகாவில ஒரு பனித்தட்டுக்கு அடியில ஆராய்ச்சி பண்ணப் போச்சு. திரும்பி வரலை. அங்கே மேலே வந்தா கிடைக்கிறது ஆகாயம் இல்லை, பனிக்கூரை! ஒரு இடத்துல உயிர் காக்கிற பதில், இன்னொரு இடத்துல பொறி. அமெரிக்காவோட புகழ்பெற்ற 'ஏ.பி.இ.' வாகனமும் இருநூறு தடவைக்கு மேல முங்கி எழுந்துட்டு, 2010 மார்ச்சில சிலி நாட்டுக் கடல்ல காணாமப் போச்சு. இந்த ஃபீல்டுல 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்' கிடையாது.

அதனால, புத்திசாலித்தனத்தையே வண்டிக்குள்ள வெக்கணும்னு ஒரு கூட்டம் இறங்குச்சு. அதுல கண்ணா ராஜன் முக்கியமானவர். நாசாவில இருந்தப்போ, 1999-ல 'டீப் ஸ்பேஸ்-1' விண்கலத்தைத் தானாவே முடிவெடுக்க வெச்ச சாஃப்ட்வேர் டீமில் இருந்தவர். 2005-ல கலிஃபோர்னியாவில மான்டரே விரிகுடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார். அவர் டீம் ஏ.யு.வி.க்காக 'டி-ரெக்ஸ்'னு ஒரு சாஃப்ட்வேரை உருவாக்குச்சு. கரையில போட்ட பிளானை அப்படியே ஒப்பிக்காம, கடலுக்குள்ள பார்த்ததை வெச்சு பிளானையே மாத்திக்கும். விண்வெளியில கத்துக்கிட்ட பாடம் கடலுக்குள்ள வேலை செஞ்சது. ஏன்னா ரெண்டு இடத்துலயும் பிரச்னை ஒண்ணுதான். கேட்க ஆள் இல்லை!

நம்ம பக்கத்து வீட்டுல

இதெல்லாம் ஃபாரின் கதைன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. காஞ்சிபுரத்துல ரயில் ஏறி, தாம்பரத்துல இறங்கி, வேளச்சேரி பஸ் பிடிச்சா வழியில பள்ளிக்கரணை. அங்கே இருக்கு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், என்.ஐ.ஓ.டி. 1993-ல தொடங்கினது. 2018-ல சென்னை மாவட்டத்தைப் பெருசாக்கினாங்களே, அதுவரைக்கும் பள்ளிக்கரணை நம்ம காஞ்சிபுரம் மாவட்டக் கணக்குலதான் இருந்தது!

2022 டிசம்பர்ல அவங்க 'ஓஷன் மினரல் எக்ஸ்ப்ளோரர் 6000'ங்கிற ஏ.யு.வி.யை 'சாகர் நிதி' கப்பல்லேர்ந்து மத்திய இந்தியப் பெருங்கடல்ல இறக்கினாங்க. ஆழம் 5,271 மீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் அரை டன்னுக்கு மேல அழுத்தம். அந்த இருட்டுல 14 சதுர கிலோமீட்டரை அது ஆராய்ஞ்சது. எதுக்கு? கடல் தரையில உருளைக்கிழங்கு மாதிரி கிடக்கிற மாங்கனீசு உருண்டைகளுக்காக. நிக்கல், கோபால்ட், தாமிரம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

உள்ளூர்த் தயாரிப்பும் உண்டு. கோவாவில இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனம் 2006-ல 'மாயா'வைக் கொண்டுவந்துச்சு. எடை சுமார் 55 கிலோதான், ஒரு ஆள் வெயிட்! துர்காபூர் ஆராய்ச்சிக்கூடத்தோட 'ஏ.யு.வி.-150' இடுக்கி நீர்த்தேக்கத்துல பயிற்சி எடுத்துட்டு, 2011-ல சென்னைக் கடல்ல இறங்குச்சு. முதல்ல கம்ப்யூட்டர் சிமுலேஷன், அப்புறம் தொட்டி, அப்புறம் ஏரி, கடைசியிலதான் கடல். நேரா கடல்ல குதிக்கிறவன் வீரன் இல்லை, வண்டியைத் தொலைக்கப் போறவன்.

கொஞ்சம் நேரா பேசுவோமா?

இது கேம்பஸ் இன்டர்வியூவுல நூறு பேரை அள்ளிட்டுப் போற வேலை இல்லை. இடம் கம்மி. என்.ஐ.ஓ.டி.யிலயும் புராஜெக்ட் பதவிகள் நிறைய ஒப்பந்த அடிப்படையிலதான். நாள் கணக்குல கப்பல்ல கிடக்கணும். கோடு தப்பா, குமட்டலா, எதனால தலை சுத்துதுன்னு தெரியாத நாளும் வரும்! அப்பா தறியில உட்கார்ந்து உங்களைப் படிக்க வெச்சிருக்கார், வீட்டுல கல்விக் கடன் இருக்குன்னா, முதல்ல வர்ற ஐ.டி. வேலையை எடுத்துக்கிறதுல ஒரு தப்பும் இல்லை. கனவுக்காக வீட்டை அடகு வெக்கச் சொல்றவன் ஃப்ரெண்டே இல்லை. ஆனா, சனி ஞாயிறு உங்களோடது. அதை விட்டுடாதீங்க.

கையில எடுக்க...

- சி++, பைத்தான், லினக்ஸ். மூணும் தண்ணி பட்ட பாடா இருக்கணும்.
- மேட்ரிக்ஸ், நிகழ்தகவு. "இதெல்லாம் எங்கே யூஸ் ஆகப்போகுது?"ன்னு கிண்டல் பண்ணின அதே பாடம்தான். வண்டி எங்கே இருக்குன்னு சொல்ற கால்மன் ஃபில்டர் அதுலதான் நிக்குது.
- ஆர்.ஓ.எஸ்., மூஸ்-ஐ.வி.பி. ரெண்டுமே இலவசம். சிமுலேட்டர்ல வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு லேப்டாப் போதும், கடல் வேண்டாம்.
- டீம் சேருங்க. மெக்கானிக்கல்ல ஒருத்தர், எலெக்ட்ரானிக்ஸ்ல ஒருத்தர், கூட நீங்க. மாணவர்களுக்குன்னே என்.ஐ.ஓ.டி. 'சேவ்'ங்கிற ஏ.யு.வி. போட்டியை நடத்தியிருக்கு. சிங்கப்பூர்லயும் அமெரிக்காவிலயும்கூட இப்படிப் போட்டிகள் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பசங்க 'அமோக்'ங்கிற பேர்ல ஒரு டீமே வெச்சிருக்காங்க. ஐ.ஐ.டி.ன்னதும் பயந்துடாதீங்க, தண்ணிக்கு காலேஜ் பேர் தெரியாது.

சரி, இன்னிக்கு ராத்திரி ஒரு ஹோம்வொர்க். நீங்க கடைசியா எழுதின புரோகிராமைத் திறங்க. அதுல எத்தனை இடத்துல, "இது நடக்காது, நடந்தா யூஸர் பார்த்துப்பார்"னு விட்டிருக்கீங்கன்னு எண்ணுங்க. இப்போ அந்த யூஸர் அஞ்சு கிலோமீட்டர் மேலே, ஏழு செகண்ட் தள்ளி இருக்கார்னு வெச்சுக்கிட்டு, ஒரே ஒரு இடத்தைத் திருத்தி எழுதிப் பாருங்க.

தூக்கம் வராம எழுதிட்டே இருந்தீங்கன்னா, இது உங்க ரூட்!