ஞாயிற்றின் இளமை

அமைதியே வடிவாய் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரைப் பார்த்த அளவில், அவர் இளமையில் எத்தகையவராய் இருந்தார் என்று கூறிவிட இயலாது. ஞாயிற்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும். இன்று ஒரே சீராக ஒளியும் வெம்மையும் வழங்கும் ஞாயிற்றின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அதன் குழந்தைப் பருவத்தைக் கண்டவர் எவருமிலர். ஆயினும், அதனை அறிய ஒரு வழி உண்டு. அண்மையில் பிறந்த பிற விண்மீன்களைக் காண்பதே அவ்வழியாகும்.

திருவாதிரை மீன் விளங்கும் ஓரியன் குழுவில், மூன்று மீன்கள் வரிசையாய் நிற்பதை மார்கழி, தைத் திங்கள் இரவுகளில் காணலாம். அவ்வரிசைக்கு அருகே மங்கலாகத் தோன்றும் ஒளித்திட்டு, விண்மீன்கள் பிறக்கும் இடமாகும். அங்குள்ள இளம் மீன்களுக்கு வயது பத்து இலட்சம் ஆண்டுகள் அளவே. ஆனால், அவற்றுள் பலவற்றைத் தூசியும் வளியும் மறைத்து நிற்கின்றன. கட்புலனாகும் ஒளி அத்திரையைக் கடந்து வருதல் அரிது; எக்ஸ் கதிர்கள் ஊடுருவி வரும். மேலும், இளம் மீன்கள் இன்றைய ஞாயிற்றினும் ஆயிரம் மடங்குக்கு மேலாக எக்ஸ் கதிர்களை வீசுகின்றன.

அக்கதிர்களை உலகின் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. ஆதலின், தொலைநோக்கியை விண்ணில் நிறுவ வேண்டியதாயிற்று. 1999-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்கர் செலுத்திய ‘சந்திரா’ அத்தகையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்கு அப்பெயர் இடப்பட்டது. நேராகப் படும் எக்ஸ் கதிர் ஆடியுள் புகுந்துவிடும். குளத்து நீரின்மேல் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதுபோல, மிகச் சாய்வாகப் படும் கதிரே தெறித்துச் செல்லும். அதற்கேற்பவே அதன் ஆடிகள் குழல் வடிவில் அமைக்கப்பட்டன.

2003-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இத்தொலைநோக்கி, பதின்மூன்று நாள் கால அளவில், ஏறத்தாழப் பத்து நாள் நேரம் ஓரியன் ஒளித்திட்டை மட்டுமே நோக்கி நின்றது. அறிஞர் பலர் காத்திருக்கும் கருவியை ஓரிடத்திற்கே இத்துணை நேரம் அளித்தல் தகுமோ என்னும் ஐயம் எழலாம். பயனே அதற்கு விடை கூறிற்று. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் புலனாயின. அவற்றுள் பெரும்பாலானவை இளம் மீன்கள். ஞாயிற்றை ஒத்த இளம் மீன்கள் ஏறத்தாழ வாரம் ஒரு முறை பெருஞ்சுடர் வீசிக் கொந்தளிப்பதும் தெரிந்தது. இன்றைய ஞாயிற்றில் அத்தகைய பெருஞ்சுடர்கள் காணப்படுவதில்லை. வாரம் ஒரு முறை நிகழ்வதைச் சில நாழிகை நோக்குவோர் எங்ஙனம் உறுதியாய் அறிவர்? நெடுநோக்கு வீண் அன்று, அதுவே கல்வி. கோள்கள் உருவாகும் வட்டில் இச்சுடர்கள் படுவதால், அங்கு நிகழும் மாற்றங்களையும் அறிஞர் ஆராய்கின்றனர். உலகம் பிறந்த கதையும் அதில் அடங்கியுள்ளது.

பசியும் பிணியும் நிறைந்த உலகில், தொலைவிலுள்ள மீன்களுக்காக இத்துணைப் பொருள் செலவிடலாமா என்று வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 2024-ஆம் ஆண்டில் சந்திராவின் நடைமுறைச் செலவைப் பெரிதும் குறைக்கும் திட்டமொன்று அமெரிக்காவில் முன்மொழியப்பட்டது. வானியலார் பலர் அதனை மறுத்துரைத்தனர். அவர் கூற்றே ஏற்புடையது. அரும்பாடுபட்டு ஏரியை வெட்டியபின், மதகைப் பேணாது விடுதல் சிக்கனம் ஆகாது. பசியைத் தீர்க்கும் கடமையும் அறிவை வளர்க்கும் கடமையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. தன் பிறப்பின் வரலாற்றைத் தேடும் விருப்பமே மனிதனுக்குச் சிறப்பு. அவ்விருப்பம் நிறைவேறப் பொருள் மட்டும் போதாது. ஒன்றையே நெடிது நோக்கும் பொறுமையும் வேண்டும்.