பின்னறையின் இசை

மதுவிடுதியைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் தொடங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் அறிந்த மதுக்கடை, கம்பிவலையின் இடுக்கிலிருந்து புட்டி நீளும் இடம். அங்கே எவரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஓர் இசைமரபு விடுதி மேசையைச் சுற்றியே உயிர்தரித்திருக்கும் நாடும் இருக்கிறது.

டப்ளின் நகரின் ஸ்மித்ஃபீல்ட் பகுதி குதிரைச்சந்தைக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள காபிள்ஸ்டோன் என்ற விடுதி, குடிப்பதற்கான இடமாயினும் தன்னைப் பிடித்திருக்கும் நோய் இசைதான் என்று தன்னையே கேலி செய்துகொள்வது. முன்னறையில் மேடை இல்லை. இசைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக அமர்கிறார்கள். கேட்பவர்களுக்குக் காணக்கிடைப்பது பெரும்பாலும் முதுகுகளே. ஃபிடில், குழல், கான்செர்ட்டினா, முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப்ஸ். இக்கூடுகைக்கு ‘செஷன்’ என்று பெயர். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். தெரியாதவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மெட்டு இரண்டு மூன்று முறை சுற்றி வந்தபின், அறிவிப்பு ஏதுமின்றி அடுத்ததற்குத் தாவுகிறது. தொடங்கியவரின் கண்ணசைவு போதும்.

நான் சென்றிருந்த மாலையில் இளம்பெண் ஒருத்தி மூன்று மெட்டுகள்வரை ஃபிடிலைத் தொடாமல் அமர்ந்திருந்தாள். அருகிலிருந்த முதியவர் அடுத்ததைச் சற்று நிதானமான காலத்தில் எடுத்தார். அவள் வில்லைத் தூக்கினாள். ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. பாடம் நடந்து முடிந்துவிட்டது.

இது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அயர்லாந்தின் நாட்டார் இசை பெரும்பாலும் கிராமத்து வீடுகளில் நடனத்துக்காக வாசிக்கப்பட்டது. பொது நடனங்களுக்கு உரிமம் கோரிய 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாதிரியார்களும் காவலர்களும் வீட்டு நடனங்களின்மீதும் பிரயோகித்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் லண்டனுக்குக் கூலிவேலை தேடிச் சென்ற அயர்லாந்துக்காரர்களுக்கு வாடகை அறைகளில் வாசிக்க இடமில்லை, விடுதிகளில் கூடினார்கள். அந்தப் பழக்கம் தாயகத்திலும் வேர்பிடித்தது. 1960களில் டப்ளினின் ஓ'டோனஹ்யூஸ் விடுதியில்தான் ‘த டப்ளினர்ஸ்’ குழு உருவானது. விரட்டப்பட்ட மரபுக்குக் கிடைத்த புகலிடம் என்றே இவ்விடுதிகளைச் சொல்வேன்.

புகலிடங்களும் பறிபோகக்கூடியவை. 2021இல் காபிள்ஸ்டோனைச் சுற்றி 9 தளங்களும் 114 அறைகளும் கொண்ட ஒரு ஹோட்டல் கட்ட விண்ணப்பிக்கப்பட்டது. திட்டத்தில் விடுதியின் முன்பகுதி அப்படியே காக்கப்பட்டிருந்தது; பின்னறை மட்டும் போய்விடும். 30,000க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டார்கள். இசைஞர்கள் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். அவ்வாண்டு நவம்பரில் டப்ளின் மாநகர மன்றம் அனுமதி மறுத்தது.

முன்பகுதிதான் இருக்கிறதே, பிறகென்ன கூச்சல் என்று அப்போது கேட்டவர்கள் இருக்கக்கூடும். விஷயமே அங்குதான் இருக்கிறது. முன்னறை பயணிகளின் கண்ணுக்குப் படுவது. அதைக் காப்பதில் வணிகத்துக்கும் லாபம் உண்டு. பின்னறையிலோ ஐரிஷ் மொழி வகுப்பும் நடனப் பயிற்சியும் புதியவர்களின் முதல் கச்சேரிகளும் நடக்கின்றன. தப்பும் தவறுமாக வாசிக்க இடம் தருவது அது. தேர்ந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு கற்பவர்களை வெளியேற்றினால், அந்த மரபு ஒரு தலைமுறைக்காலம் அழகாக வாசிக்கும். பிறகு நின்றுவிடும்.

குடியைப் போற்றுகிறேன் என்று எவரும் கருத வேண்டியதில்லை. அயர்லாந்து மதுவின் கேட்டை நன்கறிந்த நாடு. 2018இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, 2022 ஜனவரி முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையையும் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. செஷனில் அமர்பவரின் கோப்பையில் எலுமிச்சைச் சாறு இருந்தாலும் வட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வராமலிராது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் இன்னொரு கலைஞனுக்கு வழிசொல்கிறான். அங்கே போ, கள்ளும் சோறும் தருவார்கள், உன் யாழைக் கேட்பார்கள் என்று. புரவலனின் புகழ் என்றே அவற்றை வகுப்பில் நடத்தி முடித்துவிடுகிறோம். ஒரு கலைஞன் மற்றவனிடம் நம்பிக்கையோடு சொல்லத்தக்க முகவரி ஒன்று இருந்தது என்பதையும் அவை சொல்கின்றன. இன்று பறையோ நாகசுரமோ பயிலும் ஓர் இளைஞன், பிழையாக வாசித்தாலும் அமர்த்திக்கொள்ளும் ஓர் இடத்தைக் கேட்டால், நம் ஊர்களில் எத்தனை முகவரிகளை நாம் சொல்ல முடியும்?