பழைய முதலீட்டு இதழ்களைப் புரட்டுங்கள்

திருப்பதி, சித்தூர் பகுதிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களில் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார், சேம நிதியும் கிராஜுவிட்டியும் கைக்கு வரப் போகின்றன என்று தெரிந்தால் போதும். பங்குச் சந்தை ஆலோசனை கூறுவோர் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கைப்பேசியில் அவர்கள் காட்டுவது பெரும்பாலும் ஒரே கணக்குதான். 1993-இல் இன்போசிஸ் பங்கை 95 ரூபாய்க்கு வாங்கி விற்காமல் வைத்திருந்தவர் இன்று பெரும் பணக்காரர் என்பார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் அந்த நாளைய முதலீட்டு இதழ்களையும் நாளேடுகளின் வர்த்தகப் பக்கங்களையும் நூலகத்திலோ பழைய பேப்பர் கடையிலோ தேடிப் படித்தால் வேறொரு சங்கதி தெரியவரும். 1993 பிப்ரவரியில் இன்போசிஸ் பங்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனம் முன்வந்து வாங்கியதால்தான் வெளியீடு தப்பியது. அதே மார்கன் ஸ்டான்லி 1994 ஜனவரியில் பரஸ்பர நிதி ஒன்றைத் தொடங்கியது. அதற்கோ மக்கள் வரிசையில் நின்றார்கள். விண்ணப்பப் படிவமே கள்ளச் சந்தையில் விலை போயிற்று! அந்த 10 ரூபாய் யூனிட் பின்னர் பல ஆண்டுகள் சந்தையில் பத்துக்குக் கீழேயே கிடந்தது.

உடனே, யாரும் வாங்காததை வாங்குவோம் என்று கிளம்பிவிட வேண்டாம். அன்று யாரும் சீண்டாத கம்பெனிகள் வேறு எத்தனையோ இருந்தன. அவற்றில் பல இன்று இருந்த இடம் தெரியவில்லை. ஆலோசகரின் கணக்கில் வருவது பிழைத்த கம்பெனி மட்டுமே.

'பொறுத்தால் லாபம்' என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. 1992 ஏப்ரலில் மும்பைச் சந்தைக் குறியீட்டு எண் 4,467-ஐத் தொட்டது. ஹர்ஷத் மேத்தா விவகாரம் அம்பலமானதும் சரிந்தது. இடையில் ஏறி இறங்கி, 2001 செப்டம்பரில் 2,600-இல் நின்றது. 1992-இல் ரயில்வேயில் ஓய்வு பெறும் வயது 58. அன்று பணம் போட்டவர் 67 வயதிலும் பொறுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அதுவரை மகள் கல்யாணத்தை யார் தள்ளிப்போடுவது?

விளம்பரப் பக்கங்களையும் விட்டுவிடக் கூடாது. தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டங்கள் பக்கம் பக்கமாக வந்தன. சென்னையின் அனுபவ் நிறுவனம் 1998-இல் கவிழ்ந்தது. 1999-இல் செபி இத்தகைய திட்டங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் நாம் வாழும் இந்த ஆந்திராவிலேயே மனை தருவதாகச் சொல்லி அக்ரி கோல்டு லட்சக்கணக்கானோரின் பணத்தை முடக்கவில்லையா?

இப்போதைய மோகம் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ். அதில் இறங்கிய தனி நபர்களில், மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபியே அறிவித்தது.

அச்சில் வந்த ஆலோசனை அப்படியே இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்தும் எடுத்துக் காட்டலாம். கைப்பேசிக் குழுவில் வந்ததை, பங்கு விழுந்த மறுநாளே அனுப்பியவர் அழித்துவிடுகிறார். ஆகவே ஆலோசனை கூற வருபவரிடம் முதலில் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். அடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் சிபாரிசு செய்த பங்குகள் அனைத்தையும், விழுந்தவை உட்பட, எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை பணம் பாஸ்புக்கிலேயே இருக்கட்டும்.