கம்பியை விட்டால் ஏன் தடுமாற்றம்?

பாலே பயிலும் உங்கள் மகள் கைப்பிடிக் கம்பி அருகே அழகாகச் சுழல்கிறாள். கூடத்தின் நடுவே வந்ததும் தடுமாறுகிறாள். உடனே, "இன்னும் வேகமாகச் சுற்று" என்கிறோம். அது தவறான அறிவுரை. குறை வேகத்தில் இல்லை, சமநிலையில் இருக்கிறது.

பாயிண்ட் காலணி அணிந்து விரல் நுனியில் நிற்கும்போது, உடலின் முழு எடையையும் சில சதுர சென்டிமீட்டர் பரப்பே தாங்குகிறது. ஈர்ப்பு மையம் அதற்கு நேர் மேலே இல்லாவிட்டால் உடல் சாயும். கம்பியைத் தொடும் கை அந்தச் சாய்வைச் சரிசெய்துவிடுவதால் பிழை தெரிவதில்லை. கை விலகியதும் தெரிந்துவிடுகிறது. அந்நிலையில் பலமாக உந்தினால் தடுமாற்றமே மிஞ்சும்.

எனவே, நடுக்கூடத்தில் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பதே முதல் பாடமாகட்டும். முதலில் முழுப் பாதத்தில், பிறகு குதிகாலை உயர்த்தி, கடைசியாகவே விரல் நுனியில். அடுத்து கால்வாசிச் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று. கைகளை உடலோடு நெருக்கினால் சுழற்சி தானாகவே வேகமெடுக்கும்.

தலைசுற்றலுக்கும் அஞ்ச வேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே கலைஞர்களை 20 படகோட்ட வீராங்கனைகளுடன் ஒப்பிட்டு 2013இல் முடிவை வெளியிட்டனர். நாற்காலியில் சுழற்றி நிறுத்திய பின், சுற்றும் உணர்வு நடனமணிகளுக்கே விரைவில் அடங்கியது. மூளையும் பயிற்சியால் பழகுகிறது.

பெற்றோரே, எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள். அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பது பிள்ளையின் கணுக்கால். சுற்றி முடித்ததும் நிலையாக நின்றாளா என்று கேளுங்கள்.