குரங்கு பாஷை

"குரங்கு பாஷை" என்ற வசவு ஓசூரில் இப்போது அடிக்கடி என் காதில் விழுகிறது. சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பிஹார் இளைஞர்கள் தட்டுத் தடுமாறிப் பேசும் தமிழுக்கு வைத்த பெயர். டீக்கடையில் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கவிதை எழுதுகிறவர்களும், மொழியைப் பற்றி மேடையேறுகிறவர்களும் இதைச் சொல்லும்போதுதான் பிரச்னை. இவர்களுக்குக் குரங்கையும் தெரியவில்லை, பாஷையையும் தெரியவில்லை.

முதலில் குரங்கு. 1970களில் ஹெர்பர்ட் டெர்ரஸ் அமெரிக்காவில் ஒரு சிம்பன்ஸிக்குச் சைகை மொழி கற்பித்தார். அதற்கு நிம் சிம்ப்ஸ்கி என்று பெயர் – மொழி மனிதனுக்கு மட்டுமே உரியது என்ற நோம் சோம்ஸ்கியைச் சீண்டும் பெயர். நிம் 125 சைகைகள் கற்றது. டெர்ரஸ் தம் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்; 1979இல் தம் கட்சியையே மாற்றிக்கொண்டு எழுதினார். நிம்மின் மிக நீண்ட 'வாக்கியம்' 16 சைகைகள் கொண்டது. அதில் இருந்தவை ஐந்தே ஐந்து: கொடு, ஆரஞ்சு, நான், தின், நீ. இவற்றையே மாற்றி மாற்றி அடுக்கியிருந்தது. நீளம் கூடிற்று, அர்த்தம் கூடவில்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பந்திப்பூரில், நாட்டுக் குரங்குகள் சாலையில் வருகிறவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்து, கை நீட்டி, அவர்கள் முகத்தைக் கவனித்துத் தீனி கேட்பதை அனிந்திய சின்ஹாவும் அவர் சகாக்களும் 2018இல் எழுதியிருக்கிறார்கள். இவை சிம்பன்ஸியைப் போல வாலில்லாக் குரங்குகள் அல்ல. நமக்கு இன்னும் தூரத்து உறவு. அவற்றுக்கே, எதிரில் நிற்பவன் தன்னைப் பார்க்கிறானா என்பது தெரிகிறது. ஆக, கேட்பது என்ற காரியம் மிகப் பழையது. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

'குரங்கு கேட்கும், மனிதன் சொல்வான்' என்று கோடு போட்டு இத்துடன் முடித்துக்கொண்டால் நம் கர்வத்துக்குச் சௌகரியம். அப்படி முடியவில்லை. உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சிம்பன்ஸிகள் போகும் வழியில் பொம்மைப் பாம்பை வைத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பாம்பு இருப்பதை அறியாத சகா பக்கத்தில் இருந்தபோது அவை அதிகம் எச்சரித்தன. அறிந்த சகா என்றால் குறைவாக. சுமத்திராவில், புலிபோல வேஷம் கட்டி நாலு காலில் வந்த ஆள் கண்ணிலிருந்து மறைந்து பல நிமிஷம் ஆன பிறகே சில ஒராங்குட்டான் தாய்கள் எச்சரிக்கைக் குரல் எழுப்பின. இது 2018இல் வந்த ஆய்வு.

இவற்றிலிருந்து எனக்குப் படுவது: மொழியின் வேரை ஒலியில் தேடுவதைவிட, சொற்களின் எண்ணிக்கையில் தேடுவதைவிட, பார்க்காதவனுக்குச் சொல்ல வேண்டும் என்ற அந்த உந்துதலில் தேட வேண்டும். குரங்கிடம் அது பாம்பளவும் சில நிமிஷங்களளவும் இருக்கிறது. மனிதன் அதை நேற்றைக்கும் நாளைக்கும் நீட்டிக்கொண்டான்.

தேவநேயப் பாவாணர் 1966இல் ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதித் தமிழே உலகின் முதன்மொழி என்று வாதாடினார். அவருடைய உழைப்பில் நூறில் ஒரு பங்கு கூட இன்று அவர் பெயரைச் சொல்பவர்களிடம் இல்லை. ஆனால் சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் மொழியின் பிறப்புக்குப் போய்ச் சேரலாம் என்பது வீண் நம்பிக்கை. சொற்களின் ஒப்பீடு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. மொழியோ அதைவிடப் பன்மடங்கு பழையது. அங்கே தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. பாம்பைப் பார்த்தவன் ஒருவன், பார்க்காதவன் ஒருவன், அவ்வளவுதான்.

இனி பாஷை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஷிப்ட் முடிந்து வெளியேறும் ஒடியாப் பையன், உள்ளே வரும் தமிழ்த் தொழிலாளியிடம் சொன்னான்: "அண்ணா, நேத்து நைட் பிரஸ் சும்மா அடிச்சான். கை உள்ள வேணாம்." பெடலை மிதிக்காமலே பிரஸ் இறங்குகிறது என்று அர்த்தம். திணை தப்பு, வாக்கியம் முடம். அவனிடம் இருப்பது நாற்பது ஐம்பது தமிழ்ச் சொற்கள். நிம்மிடம் இருந்த சைகைகளில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த இரவு முடிந்துவிட்டது, அவன் ஷிப்டும் முடிந்துவிட்டது; காப்பாற்ற வேண்டியது இன்னொருவன் விரல்களை. இதில் மொழி முழுதாக இருக்கிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசித் தெருவில் தமிழ் கற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் இது. இதைக் குரங்கு பாஷை என்பவன் தன் பாட்டனைத்தான் கேலி செய்கிறான்.

நிம்மின் பாஷை எங்கே இருக்கிறது என்றால், நம் பத்திரிகைகளில் இருக்கிறது. நான், என் தனிமை, என் இருள், என் காயம் என்று அதே ஐந்தை மாற்றி அடுக்கும் கவிதைகள் ஒரு பக்கம். தமிழ், தாய், உயிர், ரத்தம் என்று அடுக்கும் மேடைக் கவிதைகள் மறுபக்கம். இரண்டும் பரம விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் கை நீட்டுகின்றன; ஒன்றுக்கு அனுதாபம் வேண்டும், மற்றதற்குக் கைதட்டல். கவிதை என்ன தந்திச் செய்தியா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் கவிஞன் எதையாவது பார்த்திருக்க வேண்டும்; நான் அதைப் பார்க்கவில்லை என்பது அவனை உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு கவிதையிடம் நான் கேட்பது இதைத்தான்: நான் பார்க்காத எதை நீ பார்த்தாய்? பதில் இருந்தால் அது உடைந்த தமிழில் இருந்தாலும் போதும். பதில் இல்லாவிட்டால், எவ்வளவு செந்தமிழானாலும், அது 16 சைகை நீளத்துக்கு ஆரஞ்சு கேட்பதுதான்.