மலிவாய் வரும் சீமைக் கார் – வாங்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ சேர்ந்த முதல் மாதமே நமக்கு ஒரு பட்டம் கிடைத்து விடுகிறது. டிப்ளமோ அல்ல, அதற்கு மூன்று வருடம் ஆகும். ‘வண்டி பார்த்துச் சொல்கிற பையன்’ என்ற பட்டம்தான் அது. நாம் ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தைப் பிடித்து ராவக் கற்றுக் கொண்டிருப்போம். அதற்குள் பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா, “தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே? ஒரு கார் பார்த்து வெச்சிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லேன்” என்று கூப்பிட்டு விடுவார்.

நண்பர்களே, இதை விளையாட்டாக எடுத்துக் கொள்ள முடியாது என்பது என் கருத்து. நம் டவுன்ஷிப்பில் பழைய கார் வாங்குகிறவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஓய்வு பெறப் போகிறவர்கள். முப்பது வருடம் ஷிப்டு பார்த்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ ஒரு வீட்டைக் கட்டி, பெண்ணைக் கட்டிக் கொடுத்து, செட்டில்மெண்டில் மிச்சம் இருக்கும் பணத்தில் “நாமும் ஒரு கார்ல போவோம்” என்று ஆசைப்படுகிறவர்கள். அந்தப் பணம் ஒரு தடவைதான் வரும். அதைச் செலவழிக்கும் முன் அவர்கள் கேட்பது நம்மைத்தான். ஆகவே நாம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு விலை உண்டு.

நான் கடந்த இரண்டு வருடமாக உறவினர், நண்பர்கள் வீட்டுக்காக இப்படிப் பல வண்டிகளைப் போய்ப் பார்த்து வருகிறேன். அடிக்கடி கண்ணில் படுபவை பழைய ஸ்கோடா ஆக்டேவியா, லாரா, ஃபோக்ஸ்வாகன் போலோ, வெண்டோ, ஃபியட் லீனியா, புன்டோ ஆகிய ஐரோப்பியக் கார்கள். 2001-இல் ஆக்டேவியா இந்தியாவுக்கு வந்தபோது அது பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பணக்காரர் வண்டி. இன்று ஒரு நல்ல புது பைக்கின் விலைக்கே பழைய ஆக்டேவியா ஒன்றைத் தருகிறேன் என்கிறார்கள். கதவைச் சாத்தினால் ‘தொம்’ என்ற கனமான சத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ராஜா மாதிரி இருக்கிறது. “இவ்வளவு பெரிய வண்டி இந்த விலைக்கா!” என்று மனசு துள்ளும்.

அங்கேதான் நிதானிக்க வேண்டும். ஏன் இந்த விலை?

பதில் ரொம்ப எளிது. வருடம் ஆக ஆகக் காரின் விலை இறங்குகிறது; ஆனால் பாகத்தின் விலை இறங்குவதில்லை. பத்து லட்சம் ரூபாய் வண்டிக்கு என்று செய்த டர்போவும், கிளட்ச்சும், ஏ.சி. கம்ப்ரஸரும், வண்டி ஒரு லட்சத்துக்கு வந்த பிறகும் பழைய விலையில்தான் இருக்கும். யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி யார் போடுவது? ஆகவே, ‘வண்டி என்ன விலை?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘இதற்குப் பாகம் எங்கே கிடைக்கும், கை வைக்கத் தெரிந்தவர் யார்?’ என்பதே முதல் கேள்வி.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கியது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. பானெட்டும் மட்கார்டும் சேர்ந்தே முன்பக்கமாகத் திறந்து கொள்ளும் அழகான வண்டி. அதே நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தது. பாடி ரோவர் எஸ்.டி.-1 காருடையது, பார்த்தால் விமானம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே வைத்ததோ பழைய வான்கார்டு காலத்து இன்ஜினின் வழிவந்தது. வண்டி விலை போகவில்லை. 1988-இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. நம் மாநிலத்திலேயே செய்த கார் என்றாலும், தாய் வீடு மூடிய பிறகு அது அநாதைதான். இன்றைக்கு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளை போல வளர்க்கிற ரசிகர்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் தினமும் பேரனைப் பள்ளிக்கூடம் கொண்டு விட நினைக்கும் தாத்தாவுக்கு அது உதவாது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஃபியட். இத்தாலியின் ஃபியட் 1100-தான் பம்பாய் குர்லாவில் பிரீமியர் பத்மினியாக உருவானது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றது. ஆனாலும் மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. எப்படி? தெருவுக்குத் தெரு அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருந்தார்; பாகம் கிடைத்தது. அவ்வளவுதான் ரகசியம்.

அதற்குப் பின் வந்த ஃபியட் கார்களும் 2019-உடன் இந்தியக் கடைகளிலிருந்து மறைந்தன. ஆனால் லீனியா, புன்டோ டீசல் வண்டியில் இருக்கும் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் மறையவில்லை. அதே குடும்பத்து இன்ஜின்தான் மாருதி ஸ்விஃப்ட் டீசலிலும் டாடா விஸ்டா, மான்சாவிலும் லட்சக்கணக்கில் ஓடியது. டைமிங் பெல்ட் இல்லை, செயின். மந்தாரக்குப்பத்தில் ஸ்விஃப்ட் டீசல் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்கு லீனியா இன்ஜின் அந்நியமாகத் தெரியாது. அதே லீனியாவின் முகப்பு விளக்கோ, கதவோ, கண்ணாடியோ வேறு கதை. வாங்கும் முன்பே கடையில் விசாரித்துக் கொள்ள வேண்டும். போலோவும் அப்படியே. 2010 முதல் 2022 வரை இங்கே செய்த கார் அது. வெண்டோவும் ஸ்கோடா ரேபிடும் அதற்கு அண்ணன் தம்பி மாதிரி. பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆகவே ‘ஐரோப்பிய வண்டியே வேண்டாம்’ என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் நிறைய இருக்கும் வண்டியாக வாங்குங்கள் என்கிறேன்.

இதை நமக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் சுரங்கத்தில் மண்ணைத் தோண்டும் பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. சோவியத் உதவியுடன் கட்டி 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020 வரை வேலை செய்தது. சீமை இயந்திரம் நெய்வேலியின் வெயிலிலும் புழுதியிலும் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் இரும்பு மட்டுமா? நம் அப்பாக்களின் பராமரிப்பு, ஸ்டோர்ஸில் இருந்த உதிரி பாகம், தேதி தவறாத ஷட்-டவுன் வேலை, இவைதான். இந்த மூன்றும் இல்லாமல் அதே சீமை இரும்பை வீட்டு வாசலில் நிறுத்தினால், அது வெறும் இரும்பு.

சரி, வண்டி பார்க்கப் போகிறீர்கள். என் அனுபவத்தில் விடக் கூடாதவை இவை:

1. குளிர்ந்த இன்ஜினைப் பாருங்கள். “நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லி விடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சுட்டால், காலையில் ஸ்டார்ட் ஆகாத ஒன்றை ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கூலண்ட் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

2. டைமிங் பெல்ட். ஆக்டேவியாவின் 1.9 டீசலிலும் போலோ டீசலிலும் இருப்பது பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும்; இன்ஜின் தலையே போகும். “போன வருஷம்தான் மாத்தினோம்” என்ற வாய் வார்த்தை செல்லாது. பில் வேண்டும். பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் செலவை விலையில் கழியுங்கள்.

3. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பல்பைக் கழற்றியிருக்கலாம். ஸ்கேனர் மாட்டிப் பார்க்காமல் ஐரோப்பிய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

4. ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் பெட்டி ஓட்டச் சுகம். ஆனால் அதிலுள்ள மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் பழைய வண்டியின் விலையில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். நம் ஊருக்கு மேனுவல் கியரே நல்லது.

5. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா? சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். நீரில் நின்ற ஒயரிங் இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்துப் பழி வாங்கும்.

6. 2015-இல் வெளிவந்த புகை மென்பொருள் விவகாரத்தில், ஃபோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அங்கேயே பழைய சர்வீஸ் விவரத்தையும் கேட்டால் கிலோமீட்டர் திருப்பப்பட்டதா என்பதும் வெளியே வந்துவிடும்.

இனி காகிதம். இன்ஜினைப் பார்க்கும் நாம் இதைப் பார்க்க மறந்து விடுகிறோம்.

புதுச்சேரி நமக்குப் பக்கம். பி.ஒய். நம்பர் போட்ட ஐரோப்பியக் கார்கள் இங்கே நிறைய விலைக்கு வரும். அதேபோல் டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும், பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் நீதிமன்றத் தடை வந்த பிறகு, டி.எல். நம்பர் வண்டிகளும் தெற்கே வருகின்றன. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும்; என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். “அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்” என்று புரோக்கர் சொல்வார். கேட்கும் நாளில் அவர் இருக்க மாட்டார்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம்தான். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார் என்றால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி. கடனில் வாங்கிய வண்டியா என்று ஆர்.சி. புக்கில் பாருங்கள். இருந்தால், கடன் தீர்ந்ததற்கு பேங்க் தரும் படிவம் 35 கைக்கு வரும் வரை பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுக்க விடாதீர்கள். விலையில் மூன்றில் ஒரு பங்காவது முதல் வருட வேலைக்கென்று தனியே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. “மூணு லட்சம் இருக்கு, மூணு லட்சத்துக்கு வண்டி பாரு” என்றால், இரண்டே கால் லட்சத்துக்குப் பாருங்கள். கம்பெனி சர்வீஸுக்கு வண்டியை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு 200 கிலோமீட்டர் அனுப்ப நேர்ந்தால், அந்தச் செலவும் அதில்தான் வர வேண்டும்.

நண்பர்களே! இவ்வளவு சொன்னதும் கடினமான வேலை எதுவென்றால், பெல்ட் பார்ப்பதல்ல, புகை பார்ப்பதல்ல. ஆசையோடு நிற்கும் ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்து “வேண்டாம் மாமா, இதை விட்டுடுங்க” என்று சொல்வதுதான். “சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்” என்பார்கள். வண்டி விற்கிறவர் முறைப்பார். கமிஷன் போன புரோக்கர் ஒரு மாதம் பேச மாட்டார். பரவாயில்லை. அன்றைக்கு அவர் மனது நோகாமல் தலையாட்டி விட்டு வந்தால், ஆறு மாதம் கழித்துத் தார்ப்பாய் போர்த்தி வேப்ப மரத்தடியில் நிற்கும் அந்தக் காரை நாம் தினமும் சைக்கிளில் கடந்து போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்கேனர் பிடிக்கவும், டர்போவைக் கழற்றி மாட்டவும், பாகத்தின் எண் பார்த்துச் சரியானதை வரவழைக்கவும் தெரிந்த இரண்டு மூன்று பேர் நம் வகுப்பிலிருந்து கிளம்பி இந்தப் பகுதியில் ஒரு பட்டறை போட்டால், இன்று நான் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பல வண்டிகளுக்கு நாளை தைரியமாக ‘வாங்கலாம்’ என்று சொல்ல முடியும். வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நம் இளைஞர்கள் இதையும் யோசிக்கட்டும்.

அதுவரை, மலிவைப் பார்த்து மயங்காதீர்கள். மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு வண்டியைப் பாருங்கள்!